ஒரே கூடாரத்தில் இரண்டு வண்டிகள்

ஊசிக்குப் பதின்மூன்று வயது. இம்மியளவு இடுக்கு கிடைத்தாலும் வண்டியை நுழைத்துவிடுவாள் என்பதால் கார்ட் பந்தயத்தில் அவளுக்கு விழுந்த பெயர் அது. அவளுடைய பெரியப்பா மகனுக்குப் பதினான்கு. ஹெல்மெட்டுக்குள் வியர்வை தாங்கவில்லை என்று வருஷம் முழுக்கத் தலையை மழித்துக்கொண்டு திரிவதால் அவன் மொட்டை. அப்பாக்கள் இருவரும் அண்ணன் தம்பி. ஒரே லேத் பட்டறை, ஒரே வாசல், ஒரே அடுப்படி. சர்வதேச சாம்பியன்ஷிப்பின் கடைசிச் சுற்றுக்கு முந்தைய சுற்று அது. இரண்டு வண்டிகளையும் ஒரே வேனில் ஏற்றி, இரண்டு நாள் மாறி மாறி ஓட்டிக்கொண்டு வந்து, ஒரே கூடாரத்துக்குள் இறக்கியிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை வரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. காலையில் கிளப்பிலிருந்து செய்தி வந்தது. கடைசிச் சுற்றுக்கு ஒருவரைத்தான் அனுப்ப முடியும். ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தில் இருவரில் யார் முன்னால் வருகிறார்களோ, அவர்.

பெரியப்பா செய்தியை இரண்டு முறை படித்தார். பிறகு தன்னுடைய ஸ்பேனர்களைப் பொறுக்கி ஒரு துணியில் சுற்றி மகன் பக்கம் வைத்துக்கொண்டார். அப்பா டயர் அடுக்கை இழுத்துக் கூடாரத்தின் நடுவில் நிறுத்தினார். மதியத்துக்குள் காற்றழுத்தம் பார்க்கும் மீட்டரைக்கூடக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

"என்னடி, பாகப்பிரிவினை முடிஞ்சுதா?" என்று டயர்களுக்கு மேலே தலையை நீட்டிக் கேட்டான் மொட்டை.

"உன் தலை எங்க பங்குல வருது. எடுத்துக்கோ" என்றாள் ஊசி.

அவன் சிரித்தான். அந்த வார இறுதியில் இருவரும் சிரித்துப் பேசியது அதோடு சரி.

கார்ட் என்பது நாலு சக்கரம், ஓர் இரும்புச் சட்டம், வலது விலாவை ஒட்டி ஓர் என்ஜின், அவ்வளவுதான். கதவு இல்லை, கூரை இல்லை, இடுப்பில் கட்டும் பட்டையும் இல்லை. தரையிலிருந்து இரண்டு விரற்கடை உயரத்தில் உட்கார்ந்து நூற்றுப்பத்து கிலோமீட்டர் வேகத்தில் போக வேண்டும். மோதினால் வண்டி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம்.

சனிக்கிழமை தகுதிப் பந்தயத்தில் முப்பத்து நான்கு வண்டிகள். ஐந்தாவது சுற்றில் ஊசி மொட்டையைத் தாண்டினாள். தாண்டி முடித்து, நீண்ட நேர்பாதையின் கடைசியில் அவள் பிரேக்கை மிதித்த அதே நொடியில் பின்னால் இருந்து அடி விழுந்தது. தற்செயலாக உரசுவதற்கும் குறி பார்த்து இடிப்பதற்கும் உள்ள வித்தியாசம் முதுகெலும்புக்குத் தெரியும். வண்டி சுழன்றது. அவள் பறந்தாள். இடது விலா தரையில் மோத, உருண்டு, மறுபடி மோதி, டயர்ச் சுவரில் போய் நின்றாள். பின்னால் வந்த ஒருவன் அவள் கையுறையின் ஓரத்தில் சக்கரத்தை ஏற்றிக்கொண்டு போனான். ஒரு விரல் அளவு தள்ளியிருந்தால் கை போயிருக்கும்.

மருத்துவ அறையில் டாக்டர் அழுத்திப் பார்த்தார், படம் எடுத்தார். எலும்பு முறியவில்லை, சதை நசுங்கியிருக்கிறது, வலி பொறுக்க முடிந்தால் ஓட்டலாம் என்றார். ஊசி பொறுக்க முடியும் என்றாள். மூச்சை இழுக்கும்போது உள்ளே யாரோ திருப்புளியால் குத்துவது போல இருந்தது.

கூடாரத்துக்கு அவள் திரும்பியபோது மொட்டை ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"வேணும்னேதான இடிச்ச?"

"நீதான் குறுக்க வந்த."

"என்னப் பாத்துச் சொல்லு."

அவன் பார்க்கவில்லை. பெரியப்பா இடையில் வந்தார். "விடும்மா. பந்தயம்னா இடிபடத்தான் செய்யும். பயமா இருந்தா வீட்ல இருக்கணும்."

அந்தக் கடைசி வார்த்தை அப்பாவின் காதில் விழுந்தது. அவர் கையில் வீல் ஸ்பேனர் இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டு வர அவருக்குத் தோன்றவில்லை. முதல் அடி பெரியப்பாவின் புருவத்தில் விழுந்து பிளந்தது. பெரியப்பா கண்ணில் ரத்தம் இறங்க இறங்கவே குனிந்து, தம்பியின் வயிற்றில் தலையால் முட்டித் தள்ளினார். டயர் அடுக்கு சரிந்தது. டயர்கள் உருண்டு பக்கத்துக் கூடாரங்களுக்குள் ஓடின. கூடாரத்தின் கால் ஒன்று முறிந்து ஒரு பக்கத்துத் துணி அவர்கள் மேல் விழ, துணிக்கடியில் இரண்டு பேரும் அடித்துக்கொண்டார்கள். ஐம்பது வயதை நெருங்கும் மனிதர்கள். சின்ன வயதில் ஒரே சட்டையை மாற்றி மாற்றிப் போட்டவர்கள் என்று சொல்லிக்கொள்வார்கள். இப்போது ஒருவர் காதை ஒருவர் கடித்தார்.

பெயர் தெரியாத நாட்டுக்காரர்கள் நாலைந்து பேர் ஓடி வந்து, தங்கள் தங்கள் பாஷையில் திட்டிக்கொண்டே பிரித்து எடுத்தார்கள். ஊசியின் வெள்ளை வண்டியின் முகப்பில் பெரியப்பாவின் ரத்தம் தெறித்திருந்தது. அவளே துணியை நனைத்துத் துடைத்தாள். மொட்டை எண்ணெய்க் குப்பியைப் பிடித்தபடி நின்றான். குப்பி சாய்ந்து எண்ணெய் அவன் காலில் ஒழுகிக்கொண்டிருந்ததை அவள் பார்த்தாள். பார்த்தும் அவளுக்கு இரக்கம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா அவள் விலாவில் பட்டையை இறுக்கிச் சுற்றினார். அவர் உதடு வீங்கியிருந்தது. ஒரு பல் ஆடியதால் மெதுவாகப் பேசினார்.

"அவன் முன்னாடி இருந்தா, நேர்பாதை முடியற இடம். அவன் பின்சக்கரம். கண்ண மூடிக்கிட்டு விட்றாத. கண்ணத் தொறந்துக்கிட்டு விடு."

ஊசி ஹெல்மெட்டை எடுத்தாள். அவர் சொல்வதற்கு முன்பே, விடிகாலையில் விழித்துப் படுத்திருந்தபோதே, அவள் அதே இடத்தைத்தான் யோசித்து வைத்திருந்தாள்.

தொடக்க விளக்குகள் அணைந்ததும் வண்டிகள் கிளம்பின. முதல் வளைவிலேயே மூன்று பேர் ஒருவர்மேல் ஒருவர் ஏறினார்கள். உடைந்த பிளாஸ்டிக் துண்டு ஒன்று ஊசியின் ஹெல்மெட் கண்ணாடியில் பட்டுக் கீறியது. ஒவ்வொரு வளைவிலும் இருக்கையின் ஓரம் விலாவைக் குடைந்தது. அவள் கத்தினாள். ஹெல்மெட்டுக்குள் கத்தினால் யாருக்குக் கேட்கப் போகிறது. கத்திக்கொண்டே ஒவ்வொருவராகத் தாண்டினாள். பதினோராவது சுற்றில் மொட்டையின் முதுகு கண்ணெதிரில் வந்தது.

பன்னிரண்டாவது சுற்று. நேர்பாதையின் முடிவில் மொட்டை கொஞ்சம் அகலமாகப் போய்விட்டான். உள்பக்கம் இடம் திறந்தது. இடுக்குகூட இல்லை, தாராளமாக ஒரு வண்டி போகிற இடம். பெயருக்கேற்ற மாதிரி அவள் அதில் நுழைந்திருந்தால் அவ்வளவுதான், முடிந்தது. சாம்பியன்ஷிப்பின் கடைசிச் சுற்றுக்கு அவள்தான் போயிருப்பாள்.

அவள் நுழையவில்லை. பிரேக்கை மிதிக்கவும் இல்லை. கண்ணைத் திறந்துகொண்டே அவனுடைய பின்சக்கரத்தில் விட்டாள்.

அவன் வண்டி பக்கத்தில் வந்த ஒருவனுடைய சக்கரத்தின் மேல் ஏறி, காற்றில் முழுதாக ஒரு முறை புரண்டு, வலது பக்கம் கீழாக விழுந்தது. என்ஜின் அணையவில்லை. செயின் ஓடிக்கொண்டே இருந்தது. மொட்டை தன்னைக் காத்துக்கொள்ள வலது கையை நீட்டினான். அங்கே செயின் இருந்தது.

சிவப்புக் கொடி. எல்லா வண்டிகளும் நின்றன. ஊசி இறங்கி ஓடினாள். விலா வலித்ததா என்று பிற்பாடு யோசித்தபோது அவளுக்கு நினைவு வரவில்லை. மொட்டை ஹெல்மெட்டோடு மல்லாந்து கிடந்து, கையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். கையுறை கிழிந்து தொங்கியது. அவன் அலறவில்லை. "என் விரல் எங்க, என் விரல் எங்க" என்று, சாவியைத் தொலைத்தவன் கேட்பது போல, திரும்பத் திரும்பக் கேட்டான்.

பெரியப்பா தடுப்பைத் தாண்டிக் குதித்து வந்தார். அவளை ஒரு கையால் விலக்கினார். அடிக்கவில்லை. அவள் அங்கே இருப்பதே அவர் கண்ணில் படவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து அவளை நடுவர் அறைக்குக் கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் தலைமை நடுவர், முடியை ஒட்ட வெட்டியிருந்த ஒரு பெண்மணி. தமிழ் தெரிந்த நேரக்கணிப்பாளர் ஒருவர் மொழிபெயர்க்க உட்கார்ந்திருந்தார். திரையில் விபத்தை ஓட்டிப் பார்த்தார்கள். மூன்றாவது வண்டி ஒன்று குறுக்கே மறைத்தது. சரியாகத் தெரியவில்லை.

வாசலிலேயே அப்பா குனிந்து காதில் சொல்லியிருந்தார். "பிரேக் பெடல் மாட்டிக்கிச்சுன்னு சொல்லிட்டேன். நீயும் அதையே சொல்லு. உன் வண்டி முன்பக்கம் உடைஞ்சிருக்கு, யாராலயும் ஒண்ணும் நிரூபிக்க முடியாது."

தலைமை நடுவர் கேட்டதை நேரக்கணிப்பாளர் தமிழில் கேட்டார். "பிரேக் வேலை செஞ்சுதா?"

"செஞ்சிருக்கும். நான் மிதிக்கல."

அப்பா இருமினார். ஊசி திரும்பவில்லை.

"ஏன் மிதிக்கல?"

"நேத்து அவன் என்ன இடிச்சான். இன்னைக்கு நான் இடிக்கணும்னு இருந்தேன். உள்பக்கம் இடம் இருந்துச்சு. தெரிஞ்சுது. நான் போகல."

"யாராவது இடிக்கச் சொன்னாங்களா?"

"அப்பா சொன்னாரு. ஆனா அவரு சொல்லலைன்னாலும் இடிச்சிருப்பேன்."

அப்பா கன்னத்தில் அறைந்த வேகத்தில் அவள் நாற்காலியோடு சாய்ந்து மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இடது காதில் என்ஜின் ஓடுவது போல ஓர் இரைச்சல் கிளம்பியது. அப்பாவின் கை மறுபடி ஓங்கியது. அவள் நகரவில்லை. நேரக்கணிப்பாளரைப் பார்த்து, "இதையும் எழுதிக்கச் சொல்லுங்க" என்றாள்.

ஓங்கிய கை அப்படியே நின்றது. தலைமை நடுவர் எழுந்து வந்து இருவருக்கும் நடுவில் நின்றுகொண்டு, பின்னால் இருந்தவரிடம் ஏதோ சொன்னார். அவர் எழுதினார்.

ஊசிக்கு ஒரு வருஷம் தடை. அப்பா மூன்று வருஷம் எந்தப் பந்தயத் திடலுக்குள்ளும் கால் வைக்கக் கூடாது. சனிக்கிழமை இடித்ததையும் மறுபடி போட்டுப் பார்த்தார்கள். அதில் எதுவும் மறைக்கவில்லை. மொட்டைக்கும் ஆறு மாதம்.

நேரக்கணிப்பாளர்தான் அவளைத் தன் காரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். வராந்தாவில் பெரியப்பா நின்றிருந்தார். புருவத்தில் ஏழு தையல்.

"எதுக்கு வந்த?"

"பாக்கணும்."

அவர் கை உயர்ந்தது. அவளுடைய கன்னத்தில் ஏற்கெனவே ஐந்து விரல் பதிந்திருந்ததைப் பார்த்தார். கை இறங்கிவிட்டது. அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

உள்ளே மொட்டையின் வலது கை தலையணை அளவுக்குக் கட்டோடு இருந்தது.

"எத்தனை?" என்றாள்.

"ரெண்டு. பாதி பாதி." கட்டில் ஓரத்தைக் காட்டி, "கிட்ட வா" என்றான்.

போனாள். இடது கையை முஷ்டியாக்கி அவள் விலாவில், பட்டை சுற்றிய இடத்தில், சரியாகக் குத்தினான். அவள் மடங்கிக் கட்டிலின் கம்பியைப் பிடித்தாள். கண் இருட்டியது. நிமிர்வதற்குள் அவன் அழ ஆரம்பித்திருந்தான். வாய்விட்டு, மூக்கு ஒழுக, சின்னப் பையன் மாதிரி. அவள் மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தாள். கேட்கவில்லை. அவன் ஒரு கையால் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகப் பார்த்து முடியாமல் வீசி எறிந்தான். அவள் போய் எடுத்து வந்து, திறந்து, அவன் வாயில் பிடித்தாள். குடித்தான்.

"யாரு ஜெயிச்சா?" என்று கேட்டான்.

"சிவப்பு ஹெல்மெட்டுக்காரன்."

"அவனா? அவனுக்கு வளைவே திரும்பத் தெரியாதே."

ஊசிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் உயிர் போகிற வலி. அவன் சிரிக்கவில்லை.

ஊருக்குத் திரும்பியதும் பெரியப்பா தன் லேத்தைப் பெயர்த்துக்கொண்டு இரண்டு தெரு தள்ளிப் போய்விட்டார். அப்பாவும் அவரும் இன்றுவரை பேசுவதில்லை. அப்பா ஊசியோடு பேச மூன்று மாதம் ஆனது. பேசியபோதும் "சாப்டியா" என்பதற்கு மேல் போகவில்லை. அவள் பள்ளிக்கூடம் விட்டதும் பட்டறைக்கு வந்து, தானாகவே வேலை செய்து பழகினாள்.

கட்டு அவிழ்த்து ஒரு மாதம் கழித்து ஒரு சாயங்காலம், அப்பா இல்லாத நேரம் பார்த்து மொட்டை பட்டறை வாசலில் வந்து நின்றான். தோளில் ஸ்டீயரிங் வீல் மாட்டியிருந்தது.

"வலது பக்கம் பிடி வழுக்குது. தடிமனாக்கணும். எங்கப்பாகிட்ட கேட்டா வண்டியே வேணாம்ங்கறாரு."

ஊசி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "கைய நீட்டு."

அவன் தயங்கினான். பிறகு நீட்டினான். விரல்கள் இரண்டும் நடுக்கணுவோடு நின்று, நுனியில் தோல் இளஞ்சிவப்பாகப் பளபளத்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் அந்தக் கையை எடுத்து வீலின் மேல் வைத்து, ஒவ்வொரு விரலும் எங்கே முடிகிறது என்று சாக்பீஸால் குறித்தாள்.

"இறுக்கிப் பிடி. வலிக்குதா?"

"வலிக்குது."

"எங்க?"

அவன் காட்டினான். அவள் அந்த இடத்தில் இன்னொரு கோடு போட்டாள்.