முப்பத்தெட்டுக் கைகள்

சபையில் சண்டை வரக்கூடாதென்று போதகர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். எந்த முடிவானாலும் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டுதான் கை தூக்க வேண்டும். யார் எந்தப் பக்கம் என்று தெரியாதபோது மனத்தாங்கலுக்கு இடமில்லை அல்லவா? போதகரும் கண்ணை மூடிக்கொள்வார். கண் திறந்து எண்ணுகிறவர் செயலாளர் ஒருவர்தான். அவ்வளவு நம்பிக்கையான மனுஷன் என்று அவருக்குப் பெயர்.

ஆலயத்தின் ஓட்டுக்கூரை ஒழுகத் தொடங்கியபோது சபை இரண்டுபட்டது. பழுது பார்த்தால் போதும் என்றார் தச்சர். கூரைச் சட்டங்களையும் பெஞ்சுகளையும் இழைத்த கை அவருடையது. செயலாளருக்கு மனைவியின் அண்ணன் வேறு. செயலாளரோ இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். வரைபடத்தைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மூன்று மாதம் வீடு வீடாக ஏறி இறங்கினார்.

முடிவெடுக்க வைத்த ஞாயிற்றுக்கிழமை செயலாளர் கைகளை எண்ணினார். இடிக்க முப்பத்தொன்று, பழுது பார்க்க முப்பத்தெட்டு. மறுபடியும் எண்ணினார். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கண் மூடிக் கை தூக்கியிருந்த மச்சானின் முகத்தில் தெரிந்த நிம்மதியைப் பார்த்ததும் அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எல்லோரிடமும் சவடாலாகச் சொல்லி வைத்தாயிற்று, இனி எந்த முகத்தோடு நடமாடுவது? பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. இரண்டு எண்களையும் இடம் மாற்றிச் சொன்னார், அவ்வளவுதான். "கர்த்தரோட சித்தம் அதுன்னா சரி" என்று சொல்லிவிட்டுத் தச்சர் உட்கார்ந்தார்.

மூன்றே நாளில் கட்டடம் தரைமட்டம். புது ஆலயம் எழும்பியது. பளபளவென்று தரை, பிளாஸ்டிக் நாற்காலிகள், தலைக்குத் தலை மின்விசிறி. என்ன இருந்து என்ன, பாட்டு எழும்பவில்லை. சுவரில் முட்டி இரைச்சலாகத் திரும்பி வந்தது. சிலர் வேறு சபைக்குப் போய்விட்டார்கள். தச்சர் போகவில்லை. கடைசி வரிசையில் உட்காருவார், ஆனால் அப்பமும் திராட்சரசமும் கொடுக்கும் திருவிருந்துக்கு மட்டும் எழுந்து போகமாட்டார். இரண்டு வருஷம் இப்படியே ஓடியது. கூரை போன வருத்தம் என்று செயலாளர் நினைத்துக்கொண்டார். அப்படி நினைப்பது வசதியாகவும் இருந்தது.

மனதில் யார்மீதாவது குறை இருந்தால், அதைத் தீர்த்துக்கொள்ளாமல் அப்பத்தில் கை வைக்கக்கூடாது. அந்தச் சபையில் அது கண்டிப்பு. ஒரு திருவிருந்து ஞாயிறன்று ஆராதனை தொடங்குமுன் தச்சர் செயலாளரை வாசலோரம் கூப்பிட்டார்.

"மாப்ள, அன்னிக்கு நீங்க எண்ணிக்கைய மாத்திச் சொல்லிட்டீங்கன்னு நெனச்சேன். ரெண்டு வருஷமா மனசுல வச்சிருந்தேன். நம்ம வீட்டு மாப்பிள்ளையப் போய் அப்படி நெனச்சது பாவம். என்னை மன்னிச்சிருங்க."

உண்மை செயலாளரின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. இப்போது சொன்னால் இந்த மனிதர் மன்னித்துவிடுவார் என்றும் அவருக்குத் தெரியும். ஆனால் உள்ளே இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"விடுங்க மச்சான், மன்னிச்சிட்டேன்" என்றார்.

தச்சர் இரண்டு கையாலும் அவர் கையைப் பற்றிக்கொண்டார். திருவிருந்து நேரம் வந்ததும் முதல் ஆளாக முன்னே போய் மண்டியிட்டார். வரிசை நகர்ந்தது. செயலாளர் நாற்காலியை விட்டு எழவில்லை. ஏன் வரவில்லை என்று மனைவி குனிந்து கேட்டாள்.

"கால் மரத்துப்போச்சு. நீ போ."