உதிராத டேக்

ஏரியில் தானாகப் பிறந்த மீன்குஞ்சுகள் முதுகில் மஞ்சள் டேக்கோடு பிறக்கத் தொடங்கியது, வெங்காய விலை இறங்கி பஸ் கட்டணம் ஏறிய வருடத்தில். டேக்கில் அரசு முத்திரையும் வரிசை எண்ணும் அச்சாகியிருந்தன. எழுத்து கொஞ்சம் பொடி. மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை.

கரையோரம் இருந்த அரசு மீன் பண்ணை தொட்டிகளில் குஞ்சு வளர்த்து வருடா வருடம் ஏரியில் விட்டுக்கொண்டிருந்தது. விட்டதில் எது பிழைத்தது, எது செத்தது என்று யாருக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள வந்ததுதான் டேக். கையளவு வளர்ந்த குஞ்சை ஈரத்துணியில் அமுக்கிப் பிடித்து, முதுகுத் துடுப்புக்கு அடியில் ஊசித் துப்பாக்கியால் ஒரு குத்து. ஜவுளிக்கடையில் சட்டைக்கு விலைச்சீட்டு மாட்டுவார்களே, அந்தத் துப்பாக்கிக்கு இது உடன்பிறந்த தம்பி. உள்ளே போன நுனி குறுக்கே திரும்பி முள்ளுக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும். எண் போட்ட பிளாஸ்டிக் வால் வெளியே ஆடும். பிறகு வலையில் வரும் மீன்களைக் கரையில் கொட்டிப் பார்ப்பார்கள். டேக் இருந்தால் பண்ணை மீன், இல்லாவிட்டால் ஏரி மீன். பாதிக்கு மேல் பண்ணை மீனாக இருந்தால் ஏரி குத்தகைக்குப் போகும். ஏரி மீன் அதிகம் என்றால் வலைக்காரர்கள் எப்போதும்போல் பிடித்துப் பிழைக்கலாம். விதி அவ்வளவுதான். பண்ணை வாசலில் எல்லோரும் படிக்கும்படி ஒட்டியிருந்தது. வலைக்காரர்கள் படித்துவிட்டுச் சிரித்தார்கள். ஏரியில் கிடக்கிற மீனுக்கு முன்னால் பண்ணைத் தொட்டி எந்த மூலைக்கு?

டேக் குத்தப் போன பெண்களில் ஒருத்திக்கு ஊசியக்கா என்று பெயர் நிலைத்தது. அவள் புருஷன் வலைக்காரன். தண்ணீரை விட்டு ஏறவே மாட்டான் என்பதால் ஊரே அவனைத் தவளை என்றது, மாமியார் உட்பட. பெண்டாட்டி விடுகிற மீனைப் புருஷன் பிடிக்கிறான், வெளியாள் தலையிடாத நல்ல வியாபாரம் என்று கரையில் கேலி பேசினார்கள். மற்ற பெண்கள் சதையில் ஒரு குத்து குத்திவிட்டுத் தொட்டியில் போட்டார்கள். வாரத்துக்குள் பாதி டேக் உதிர்ந்து தொட்டியின் அடியில் கிடந்தது. ஊசியக்கா துப்பாக்கியைச் சாய்த்துப் பிடித்து, முள் தட்டும்வரை விட்டு, கால் சுற்று திருப்பி, எடுத்தபின் வாலை ஒருமுறை சுண்டியும் பார்ப்பாள். ஒவ்வொரு குஞ்சிடமும், "வலிக்காது, வலிக்காது" என்பாள். நர்சம்மா தடுப்பூசி போடுகிறாள் என்று மற்றவர்கள் நையாண்டி செய்ததை அவள் பொருட்படுத்தவில்லை. அவள் கையால் போட்ட டேக் ஒன்றுகூட உதிர்ந்ததில்லை.

சாப்பிடும்போது தவளை ஒருநாள் அந்தப் பேச்சை எடுத்தான்.

"கொஞ்சம் லூசாத்தான் குத்தேன். நாலு உதிர்ந்தா ஏரி நம்ம பக்கம்."

"லூசா குத்துறதுக்கு நான் எதுக்கு? உங்க அம்மாவைக் கூட்டிட்டுப் போங்க."

அவனும் சிரித்துவிட்டுக் கை கழுவப் போனான். ஏரி யாருக்கு என்பது அந்தத் தட்டிலேயே முடிவாகிவிட்டது என்று அப்போது இருவருக்கும் தெரியாது.

அடுத்த மழைக்குப் பிறகு கரையோரப் பாசியில் குஞ்சுகள் மொய்த்தன. டேக்கைவிட ஒல்லியான குஞ்சுகள். ஒவ்வொன்றும் தன்னைவிடப் பெரிய மஞ்சள் வாலை இழுத்துக்கொண்டு, பட்டம் கட்டிய எறும்புபோல நீந்தியது. ஊசியக்கா ஒரு சொம்பில் மொண்டு எடுத்துக்கொண்டு மீன்வள ஆய்வாளரின் அறைக்குப் போனாள். நல்ல மனிதர், யாரையும் உட்காரச் சொல்லாமல் பேசமாட்டார். பூதக்கண்ணாடி வைத்துப் பொறுமையாகப் பார்த்தார்.

"சார், இது நாங்க குத்துனது இல்ல. இத்துணூண்டு உடம்புல ஊசி எங்க சார் எறங்கும்? இது ஏரியிலயே பொறந்தது."

"நம்பர் இருக்கேம்மா."

"பொறக்கும்போதே இருக்கு சார்."

"நீ கடைசியா குத்துன நம்பருக்கு அடுத்த நம்பர்தான். வரிசை தப்பல. அப்புறம் என்ன?"

அவள் சொம்போடு நின்றாள். ஆய்வாளர் குரலில் கோபமில்லை, பொய்யுமில்லை. டேக் இருந்தால் பண்ணை மீன் என்று விதி சொன்னது. டேக் எப்படி வந்தது என்று விதி கேட்கவில்லை. போகும்போது, உதிராமல் குத்தியதற்காக மேலிடத்தில் அவளைப் பற்றி நல்லபடியாகச் சொல்லியிருப்பதாகவும் தெரிவித்தார்.

வலைக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. மீன்களைக் கரையில் கொட்டிப் பார்க்கும் நாளன்று காலையிலிருந்தே படகில் நகவெட்டியும் கத்திரிக்கோலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். தோலோடு ஒட்ட வெட்டினால், படகு கரை சேர்வதற்குள் அதே எண்ணோடு வால் மறுபடி முளைத்தது. பிடுங்கினால் பை ஜிப் கழல்வதுபோல முதுகெலும்பு முழுசாகக் கையோடு வந்தது. தவளை பிடுங்கிய எலும்பைத் தூக்கிப் பார்த்தான். டேக்கின் நுனி முள்ளுக்குப் பின்னால் கால் சுற்று திரும்பி, அசையாமல் உட்கார்ந்திருந்தது. யார் கை என்று கேட்கத் தேவையில்லை.

அன்று கரையில் கொட்டிய மீன்களில் டேக் இல்லாதது ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்தவன் திட்டவில்லை, தட்டை வீசவில்லை. "நல்லா குத்தியிருக்கே" என்று மட்டும் சொன்னான். ஓங்கி அறைந்திருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

ஏரி குத்தகைக்குப் போனது. குத்தகைக்காரர் கரையைச் சுற்றி நீலக் கயிறு கட்டி, விசிலோடு ஒரு காவலாளியைப் போட்டார். படகுகள் கவிழ்த்து வைக்கப்பட்டு, கோழிகள் அவற்றின் கீழ் முட்டையிட்டன. வலைக்காரர்களில் சிலர் சுமை தூக்கப் போனார்கள், சிலர் எங்கே போனார்கள் என்று தெரியவில்லை. மீன் டேக்கோடே பிறக்கும்போது குத்துவதற்கு ஆள் எதற்கு என்று பண்ணையிலும் பெண்களை நிறுத்தினார்கள். ஊசியக்காவுக்கு மட்டும் ஒரு சின்ன விழா வைத்து, அவள் பிடித்த ஊசித் துப்பாக்கியையும் மிச்சமிருந்த ஒரு பெட்டி டேக்கையும் நினைவுப் பரிசாகக் கொடுத்தார்கள். கைதட்டினார்கள்.

பல வருடம் உண்டாகாதவள் அந்த வருடம் உண்டானாள். பெண் குழந்தை. கழுத்துக்குக் கீழே, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில், மஞ்சள் டேக். நர்ஸ் எடை போட்டாள், டேக்கைத் துடைத்து எண்ணை வாசித்தாள், அடுத்த கட்டிலுக்குப் போனாள். ஆய்வாளர் வந்து பார்த்து, வரிசை தப்பவில்லை என்று சொல்லிக் குழந்தையின் கன்னத்தைத் தட்டினார். டேக் குத்தாதபடி தொட்டில் துணியில் மாமியார் ஒரு ஓட்டை போட்டாள்.

நடக்கத் தொடங்கியதும் குழந்தை நீலக் கயிற்றுக்கு அடியில் குனிந்து நேரே தண்ணீருக்குள் போனது. தவளை பின்னாலேயே பாய்ந்தான். விசில் அடித்தது.

"அண்ணே, நீங்க ஏறுங்க."

"குழந்தைடா அது."

"அதுக்கு டேக் இருக்கு, பண்ணை இருப்புண்ணே. அது எறங்கலாம். நீங்க எறங்கக் கூடாது."

முழுகிவிடும் என்று தவளை கத்தினான். அது முழுகவில்லை. நடு ஏரியில் தலையை நீட்டிச் சிரித்தது. அன்றிலிருந்து மகள் விடிந்தால் தண்ணீரில்தான். பசித்தால் மீனைக் கையாலேயே பிடித்து அங்கேயே தின்றாள். மீன் மீனைத் தின்பதைத் தடுக்க விதியில் இடமில்லை. கரைக்குக் கொண்டுவந்தால் மட்டும் திருட்டு. வருடத்துக்கு ஒருமுறை பண்ணையில் அவளை நீளம் அளந்து, வளர்ச்சி திருப்தி என்றார்கள். தவளை கயிற்றுக்கு வெளியே சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் உடம்பு ஓலைபோல் காய்ந்து, நடந்தால் சரசரவென்று சத்தம் வந்தது.

ஒரு காலை அவன் சமையலறைக்கு வந்து சட்டையைக் கழற்றிக் குப்புறப் படுத்தான். ஊசியக்காவுக்குப் புரிந்துவிட்டது.

"வேணாங்க."

"மீனுக்கெல்லாம் குத்துன. எனக்குக் குத்த மாட்டியா?"

அவள் துண்டை நனைத்து அவன் முதுகில் அமுக்கினாள். துப்பாக்கியைச் சாய்த்து, எலும்பு தட்டும்வரை விட்டு, கால் சுற்று திருப்பினாள். வாலைச் சுண்டிப் பார்த்தாள். இறுக்கமாகத்தான் இருந்தது. "வலிக்காது, வலிக்காது" என்றாள். அவன் எழுந்து ஏரிக்கரைக்கு நடந்தான்.

காவலாளி எண்ணை வாசித்தான். சரியாக இருந்தது. கயிற்றைத் தூக்கிப் பிடித்தான். தவளை தண்ணீருக்குள் நடந்தான், கணுக்கால், முழங்கால். அங்கே டேக் உதிர்ந்து மிதந்தது. விசில் அடித்தது.

அவள் கை உதிரவிட்ட முதல் டேக் அது. அதற்குப் பிறகு எத்தனையோ முறை குத்திவிட்டாள், எத்தனையோ விதமாகத் திருப்பிப் பார்த்துவிட்டாள். அவன் முதுகு இப்போது சல்லடை. உதிர்ந்த டேக்கைக் காவலாளி பொறுக்கி, அரசுப் பொருள் என்பதால் துடைத்து அவளிடமே திருப்பித் தருகிறான். வாரம் ஒருநாள் அவள் அதையே மறுபடி குத்துகிறாள். அவன் மறுபடி இறங்குகிறான். நடு ஏரியிலிருந்து மகள் கையசைப்பாள். அவனும் முழங்கால் தண்ணீரில் நின்று, விசில் அடிக்கும்வரை, கையசைப்பான்.