தசை சேரும் விதம்

ஒன்பது வயது மகளை இடுப்பில் சுமந்தபடி அக்கா ஆய்வுக்கூடத்தின் மாடிப்படியேறி வந்தாள். மூச்சு இரைத்தது. பாதிப் படியில் ஓடிப்போய் வாங்கிக்கொள்ளக் கை நீட்டிய தங்கையிடம், "வேணாம், உனக்குப் பிடிக்கத் தெரியாது. நழுவிடுவா" என்றாள்.

தங்கைக்கு வீட்டில் ஈக்காரி என்று பெயர். அக்கா வீட்டுக்காரர் வைத்தது. இத்தனை படித்துவிட்டுக் கடைசியில் பழ ஈ வளர்க்கிறாளே என்று கேலியாகத்தான் ஆரம்பித்தார். மகளுக்குத் தசை நலிவு நோய் என்று டாக்டர் சொன்ன பிறகு அதே பெயரை மரியாதையாகச் சொல்லத் தொடங்கினார். அதற்குக் காரணம் ஈக்காரியேதான். அன்று போனில் அக்கா அழுத அழுகைக்கு என்ன சொல்வதென்று தெரியாமல், "அழாதக்கா, நாங்க இங்க தசையப் பத்திதானே பாக்குறோம். ஏதாவது வழி வரும்" என்றாள். அந்த 'ஏதாவது' அக்காவின் காதுக்குள் போய் மருந்தாகிவிட்டது. அடுத்த தடவை பேசியபோது, "எவ்வளவு தூரம் வந்திருக்கு?" என்று கேட்டாள். "போயிட்டிருக்குக்கா." வேலை போய்க்கொண்டுதான் இருந்தது, அந்த மட்டுக்கும் அது பொய்யில்லை. அதற்கப்புறம் திருத்துவதற்கு எத்தனையோ போன்கள் வந்தன. ஒவ்வொன்றிலும் வேறு பேச்சு பேசினாள்.

அக்கா மகளை எல்லாரும் வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். கால் ஓடாததற்கும் சேர்த்து வாய் ஓடும். மைக்ராஸ்கோப்பின் திரை முன்னால் அவளை உட்கார வைத்து, ஈக்காரி ஒரு பதிவை ஓட்டிக் காட்டினாள். முட்டைக்குள் வளர்கிற ஈயின் கரு. பச்சையாக ஒளிர்ந்த ஒரு செல் இடத்தை விட்டு நகராமல் இருந்தது. பக்கத்தில் திரிந்த இன்னொன்று அதை நெருங்கி, தொட்டு, ஒட்டிக்கொண்டது. ஒட்டிய இடத்தில் விரல் மாதிரி எதையோ நீட்டி உள்ளே அழுத்தியது. நடுவிலிருந்த சவ்வு திறந்துகொள்ள, ஒன்று மற்றொன்றுக்குள் கலந்தது. பிறகு இன்னொன்று வந்தது.

"குத்துதே, வலிக்காதா சித்தி?"

"வலிக்காது. இப்படிச் சேர்ந்து சேர்ந்துதான் ஒரு தசை ஆகும்."

"ஒண்ணாயிட்டா யார் பேரு வைப்பாங்க?"

"நகராம நின்னு மத்ததைக் கூப்பிட்டுச்சே, அதோட பேரு."

அக்கா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "இதைத்தான் இவளுக்கும் பண்ணப்போறீங்களா?" என்றாள். பதிலுக்குக் காத்திராமல் தொடர்ந்தாள். "சக்கர நாற்காலி வாங்குங்கன்னு டாக்டர் போன வருஷமே சொல்லிட்டாரு. நான்தான் வேணாம்னுட்டேன். உக்கார வச்சா உக்காந்தே போயிடுவா. நீ இருக்கும்போது அது எதுக்கு?"

ஈக்காரிக்கு இது தெரியாது. ஒரு வருஷமாக இந்தக் குழந்தை யாராவது தூக்கினால் தவிர வாசலைக்கூடப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வாயைத் திறப்பதற்குள் பேராசிரியர் உள்ளே வந்தார். வாலுவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அட, அந்த மொதல் படத்துல இருக்கற பொண்ணு இவதானே?"

"எந்தப் படம்?" என்றாள் அக்கா.

தன் ஆய்வைப் பற்றி எந்த ஊர் அரங்கில் பேசினாலும் ஈக்காரி அந்தப் படத்தில்தான் ஆரம்பிப்பாள். அக்கா போனில் அனுப்பியது. வீட்டு வாசற்படியில் வாலு செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு சிரிப்பாள். அரங்கம் சட்டென்று அமைதியாகும். அந்த அமைதி அவளுக்குப் பிடித்திருந்தது. அடுத்த படத்தில் ஈ வந்துவிடும். இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்டதில்லை. அக்காவிடம் அவளும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

பேராசிரியர் விஷயத்தைச் சொன்னார். அக்கா கோபப்படுவாள் என்று ஈக்காரி எதிர்பார்த்தாள். பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அக்காவோ பூரித்துப்போனாள். "நம்ம வாலுவ எல்லாருக்கும் காட்டியிருக்கியாடி?" என்றவள் எழுந்து நின்று, "சார், மருந்து எப்ப வரும்னு சுமாரா சொன்னாக்கூடப் போதும்" என்றாள்.

பேராசிரியர் ஈக்காரியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் திட்டு இல்லை. தெரியாத ஒருத்தியைப் பார்ப்பது போலப் பார்த்தார். "நீங்களே சொல்லிடுங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனார்.

சொன்னாள். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "இங்க மருந்து எதுவும் இல்லக்கா. தசை உருவாகும்போது செல்லுங்க எப்படிச் சேருதுன்னு மட்டும்தான் பாக்குறோம். வாலுவுக்கு அதெல்லாம் ஒழுங்காச் சேர்ந்துதான் இருக்கு. சேர்ந்து வந்த தசைதான் அப்புறம் நலிஞ்சு போகுது. அது வேற, இது வேற."

"கொஞ்சம்கூட உதவாதா?"

என்றைக்காவது, யாருக்காவது என்று ஒரு வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். "உதவாதுக்கா."

"மொதல்லயே தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

அக்கா மகளின் கவுன் மடிப்பை நீவிவிட்டாள். நீவியதையே மறுபடி நீவினாள். வாலு திரையிலிருந்து திரும்பாமல், "அப்ப எனக்கு நாற்காலி வருமாம்மா? சக்கரம் வச்சது?" என்று கேட்டாள். இத்தனை நேரமும் அவள் காது இங்கேதான் இருந்திருக்கிறது.

அங்கிருந்து மூவரும் நேரே மருத்துவமனைக்கு எதிரிலிருந்த சக்கர நாற்காலிக் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் ஒரு நாற்காலியை விரித்து, வாலுவை உட்கார வைத்து, கையை எங்கே வைத்துத் தள்ளவேண்டும் என்று காட்டினார். ஒரு தள்ளு தள்ளிப் பார்த்தாள். நாற்காலி நகர்ந்தது. திடுக்கிட்டுக் கையை எடுத்தாள். மறுபடி தள்ளினாள். பிறகு யாரையும் கேட்காமல், யாரும் கூட வராமல், கடையின் அந்தக் கோடிவரை போனாள். திரும்பத் தெரியாமல் ஊன்றுகோல்கள் சாத்தியிருந்த சட்டத்தில் மோத, அத்தனையும் தடதடவென்று சரிந்தன. நடுவில் உட்கார்ந்து வாலு விழுந்து விழுந்து சிரித்தாள்.

அக்காவும் சிரித்துவிட்டாள். சிரித்தபடியே வழக்கம்போல் தங்கை பக்கம் திரும்பினாள். யாரென்று கண்டதும் சிரிப்பு நின்றுபோயிற்று. குனிந்து கோல்களைப் பொறுக்க ஆரம்பித்தாள். ஈக்காரியும் சற்றுத் தள்ளி மண்டியிட்டு, தன் காலடிக்கு உருண்டு வந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்து நிறுத்தினாள்.