மனைவி பெயர்

என் நாக்கில் சனி குடியிருக்கிறது என்பாள் என் மனைவி வனஜா. அவள் சொன்னதில் தப்பே இல்லை.

ஆவடியில், பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் ஒரு குடும்ப நல மையத்தில் மருந்து கொடுக்கிற வேலை எனக்கு. கம்பி போட்ட ஜன்னலுக்கு உள்ளே நான், வெளியே வரிசை. நிரோத் ஆணுறை இலவசம்தான். ஆனால் வாங்குகிறவன் பெயர், மனைவி பெயர், எத்தனை பிள்ளை என்று நோட்டில் எழுத வேண்டும். பொம்பளைகள் நிற்கிற வரிசையில் எந்த ஆம்பளை வந்து கேட்பான்? மேலே கணக்குக் காட்டியாக வேண்டுமே என்று மாசக் கடைசியில் நாங்களே பெயர் போட்டுத் தள்ளுவோம். ஊரிலேயே இல்லாத கஜபதிக்கும் அவர் மனைவி பார்வதத்துக்கும் நான் மாதம் தவறாமல் கொடுத்திருக்கிறேன். அந்தப் பாக்கெட்டுகளைப் பிரித்துத் தெருப் பிள்ளைகள் பலூன் ஊதின.

தொண்ணூற்றொன்றில் ஒரு காலை உத்தமன் வந்தான். எங்கள் தெருப் பையன், இருபத்திரண்டு வயது, லாரி கிளீனர். நசரத்பேட்டையில் வண்டி ஏறினால் திரும்பிவரப் பத்து நாளாகும்.

"அண்ணாத்தே, தலவலி மாத்திரை கீதா?"

கொடுத்தேன். அவன் நகரவில்லை. பின்னால் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"அப்பால... அதுவும் ரெண்டு குடேன். பம்பாய் லைனு போறேன். அங்க இன்னாமோ புது சீக்கு கீதாம், டிரைவர் சொன்னாரு."

அந்தச் சீக்கைப் பற்றிய போஸ்டர் எங்கள் பீரோ மேல் பிரிக்காமல் கிடந்தது. நிரோத் பெட்டி என் காலடியில் கிடந்தது. எனக்குத்தான் வாய்க்கொழுப்பு. நோட்டைத் திறந்து, வரிசைக்கே கேட்கும்படி கேட்டேன்.

"கல்யாணச் சாப்பாடு போடாமலே குடித்தனமா? பொண்டாட்டி பேர் என்னடா? சொல்லு, எழுதிக்கிறேன்."

வரிசை சிரித்தது. கம்பிகளுக்கு நடுவே நீட்டியிருந்த அவன் கை, நகக்கண்ணில் கிரீஸோடு, மெதுவாக வெளியே போனது.

வீட்டில் சொல்லிச் சிரித்தேன். வனஜா சிரிக்கவில்லை. "கேட்டான்ல, கொடுத்தா என்ன?" என்றாள்.

இரண்டு வருஷத்தில் அவனுக்குத் திருவள்ளூர் பக்கம் பெண் எடுத்தார்கள். எனக்குப் பத்திரிகை வைக்கவில்லை. தொண்ணூற்றாறில் எலும்பும் தோலுமாகச் செத்துப்போனான். காசநோய் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அவன் அப்பா காட்டிய ஆஸ்பத்திரிச் சீட்டில் அந்தப் புதுச் சீக்கின் பெயர் இருந்தது.

அதற்குப் பிறகு தலைவலி மாத்திரை கேட்டு எந்தப் பையன் வந்தாலும், பெயர் கேட்காமல் அதையும் சேர்த்துக் காகிதத்தில் மடித்துக் கொடுக்கிறேன். என்ன செய்து என்ன? பதினோரு மணி வெயிலில், வரிசை ஓய்ந்த நேரத்தில், கம்பிகளுக்கு நடுவே அந்தக் கை வந்து நிற்கிறது. கிரீஸ்கூடத் தெரிகிறது. பயத்தில் நான் தலை நிமிர்வதே இல்லை.

உத்தமன் காரியம் முடிந்து ஒரு மாதம் இருக்கும். அதே நேரம், அதே இடத்தில் ஒரு கை. குனிந்தபடியே இருந்தேன். வளையல் இல்லாத கை, அதில் ஒரு சீட்டு.

"அண்ணா, ரத்தம் டெஸ்ட் பண்ணணும்னு எழுதிக் குடுத்தாங்க. எனக்கும் கொயந்தைக்கும். எங்க போவணும்?"

நிமிர்ந்தேன். இருபது, இருபத்தொன்று இருக்கும். இடுப்பில் குழந்தை. எதற்கென்று தெரியாமல் நோட்டைத் திறந்தேன். பெயர் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவளே சொன்னாள்.

"கஸ்தூரி. உத்தமன் பொண்டாட்டி. எழுதிக்கோங்கண்ணா."