எல்லாரும் சுகம், ஐயா

பெத்சாயிதாபுரத்தில் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டுதான் நடமாடுவார்கள். அங்கே ஜெபம் இன்னும் முடியவில்லை.

அந்தப் பக்கத்தில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வார்கள். சபையார் கூடிச் சாப்பிடும் ஒரு அசனப் பண்டிகை ஞாயிறன்று ஐயர் "கண்களை மூடி ஜெபிப்போம்" என்றார். சபை மூடியது. அவர் ஆமென் சொன்னால் திறக்கலாம். அவர் சொல்லவில்லை. அசனச் சோறு ஆறிப்போகிறதே என்று பின்பெஞ்சில் கொஞ்சம் பேர் முனகினார்கள். பிறகு மூடிய கண்ணோடு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மூடிய கண்ணோடு வீடு போய்ச் சேர்ந்தார்கள். ஜெபத்துக்கு நடுவில் கண்ணைத் திறக்கக் கூடாது என்று ஓய்வுநாள் பள்ளியில் படித்து வளர்ந்த ஊர். சும்மா சொல்லக்கூடாது, அடக்கமான சனங்கள்.

அப்புறம் எல்லாம் நடந்தது. கல்யாணம் நடந்தது. பனை ஏறினார்கள், இறங்கினார்கள். கோயிலில் மணி அடிக்கும் பொன்னுதுரை, கயிற்றைப் பிடித்தபடி கண்ணை மூடியவர், நாளடைவில் மணியாகவே ஆகிவிட்டார். அவர் பெண்டாட்டி சனிக்கிழமைதோறும் வந்து புளி போட்டுத் துலக்கிவிட்டுப் போவாள். சத்தம் முன்னைவிட நன்றாகவே இருந்தது.

மூடிய கண்ணுக்குள் எல்லாருக்கும் அந்த ஞாயிறுதான் தெரிந்தது. ஆகா, என்ன ஞாயிறு அது. வாசலில் காகிதத் தோரணம். வேப்ப மரத்தடியில் அண்டா அண்டாவாகச் சோறு. வண்ணக் கண்ணாடி வழியாக வந்த வெயில் பாட்டுக்குழுவின் மேல் சிவப்பும் நீலமுமாக விழுந்தது. கடைசி வரிசையில் ஞானாபரணம் நின்றார். படிய வாரிய தலை, வெள்ளைச் சட்டை. அடிக்குரலான பேஸ் பாடுகிறவர் அவர். அவர் தொண்டையைத் திறந்தால் பெஞ்சு அதிரும். எதிரே, சந்தன நிறப் பட்டில், அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள் அவர் மனைவி தங்கபுஷ்பம். கண்ணை மூடுவதற்கு முன் அவள் கடைசியாகப் பார்த்தது அந்த முகம். அதனால் அவளுக்கு ஒரு குறையும் இல்லை.

ஞானாபரணம் இப்போது உள்ளறைக் கட்டிலில் படுத்திருந்தார். நாளெல்லாம் ஒரு அடிக்குரல் அங்கிருந்து வரும்.

"பாட்டு பழகுதாரு," என்பாள் புஷ்பம்.

அவருக்குத் தைத்துவந்த சட்டை வரவர தொளதொளவென்று ஆனது. தையல்காரன் பழைய அளவிலேயே தைக்கிறான், துணியில் கை வைக்காத ஒரே தையல்காரன் என்று அவனை மெச்சிக்கொண்டாள். அறையில் ஒரு நாற்றம் வந்தது. பக்கத்து வீட்டுக் கருவாடு என்று முடிவு கட்டினாள்.

தினமும் அவர் கேட்பார். "ஏட்டி புஷ்பம், நான் எப்படியிருக்கேன்?"

"ராசா மாதிரி இருக்கிய."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். கொஞ்ச நேரத்தில் பேஸ் தொடங்கும்.

ஒருநாள் காலையில் ஈரத்துணியால் அவர் முதுகைத் துடைத்தாள். முதுகு இருக்கவேண்டிய இடத்தில் விரல் ஒரு குழிக்குள் போனது. அவள் கண் தானாகத் திறந்துகொண்டது.

புண்ணைப் பார்த்தாள். உள்ளே வெள்ளையாக எலும்பு தெரிந்தது. மறுபடி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

உள்ளே ஞாயிறு அப்படியே இருந்தது. தோரணம் ஆடியது. ஆனால் கடைசி வரிசையில் நின்றவரின் வெள்ளைச் சட்டையில், முதுகுப் பக்கம், ஈரம் ஊறியது.

முதுகு போகட்டும், முகத்தை நான் பார்க்கவில்லையே என்று நினைத்தாள். முகத்தைப் பார்த்தால் இந்த முகம் போய்விடும். அவளிடம் இருந்த சொத்து அது ஒன்றுதான். பாவம், அவளும் என்ன செய்வாள்.

வெளியே வந்து முற்றத்தில் நின்றாள். வேலிக்கு அந்தப் பக்கம் கனகரத்தினம், பக்கத்து வீட்டுக்காரி, குரல் கொடுத்தாள்.

"ஜெபத்துல கண்ணைத் தொறந்துட்டியே, புஷ்பம்."

"உங்களுக்கு எப்படித் தெரியும், மைனி?"

கனகரத்தினம் வேலியில் ஒரு குச்சியை ஒடித்தாள்.

"நான் முருங்கைக்காயைத்தான் பாத்தேன்," என்றாள்.

"எங்க மரத்துலயா?"

"உங்க மரந்தான். அந்தக் கிளைக்கு நேரா உங்க ஜன்னலு."

"அப்போ அவரைப் பாத்திருக்கிய."

"பாத்தேன்."

"ஏன் சொல்லல?"

"நீ ராசா மாதிரின்னுல்லா சொல்லிக்கிட்டு இருந்த. நான் என்னன்னு சொல்ல?" மூக்கை உறிஞ்சினாள். "எங்க வீட்லயும் ஒரு ராணி கெடக்காங்க."

புஷ்பம் கோயிலுக்கு நடந்தாள். நடுப்பாதை நீண்டுகொண்டே போனது. ஜெபம் நீள நீள அதுவும் நீளும், புதிதாகப் பெஞ்சு முளைக்கும், அது ஊரறிந்த விஷயம். வழியில் களைத்து, கண்ணை மூடி ஜெபத்தில் இருந்தவர்களோடு ஒரு பெஞ்சில் உட்கார்ந்து எழுந்தாள். பாட்டுக்குழு வரிசையைக் கையால் தடவிப் பார்த்தாள். அவர் இடத்தில் ஒட்டடை இருந்தது. கண்ணுக்குள் அவர் அங்கேதான் பாடிக்கொண்டு நின்றார். அவளுக்கு அழுகை வந்தது, நன்றாக அழுதாள்.

பீடத்தருகே ஐயர் கை விரித்தபடி நின்றார். அங்கியில் குளவி கூடு கட்டியிருந்தது.

"யாரது? ஜெபத்துக்கு நடுவுல நடமாடக் கூடாது."

"புஷ்பம், ஐயா. ஜெபம் எங்க நிக்கி?"

"அதே இடந்தான். 'வியாதியாய்ப் படுத்திருக்கிற' வரைக்கும் வந்துட்டேன். அதுக்கு மேல ஒரு பேரு வேணும். பேரில்லாம எப்படித் தாண்ட?"

ஒவ்வொரு ஞாயிறும் அவர் அதைத்தான் கேட்டார். "நம்ம சபையில யாராவது சுகமில்லாம இருக்காங்களா?" ஒவ்வொரு ஞாயிறும் சபை ஒரே குரலில் சொன்னது, "எல்லாரும் சுகம், ஐயா." அந்தக் குரலில் புஷ்பத்தின் குரலும் இருந்தது. கொஞ்சம் சத்தமாகவே இருந்தது.

"பேரு கொண்டாந்திருக்கேன், ஐயா."

"சொல்லு."

கண்ணுக்குள் அவள் புருஷன் பாட்டை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். என்ன அழகு. அவள் அவரிடம் மனதுக்குள் போய்வாருங்கள் என்றாள்.

"ஞானாபரணம். எங்க வீட்டுக்காரரு. முதுகெல்லாம் புண்ணா இருக்கு. ரொம்ப நாளா இருக்கு. நான் பாக்கல, ஐயா."

ஐயர் பெருமூச்சு விட்டார். "வியாதியாய்ப் படுத்திருக்கிற ஞானாபரணத்துக்காக," என்றார். ஆமெனுக்கு வாயைத் திறந்தார்.

"மாசிலாமணி," என்றது பின்னால் ஒரு குரல். கனகரத்தினம்தான், பின்னாலேயே வந்திருந்தாள். "எங்க அத்தை. நடையில்ல, ஐயா."

"எங்க தம்பி மகன் தாவீது," என்றது இன்னொரு பெஞ்சு. "புத்தி பேதலிச்சுக் கெடக்கான்."

பெஞ்சு பெஞ்சாகப் பெயர் எழுந்தது. பொன்னுதுரையின் பெண்டாட்டி அவர் பெயரைச் சொன்னாள். மேலே மணி ஒருதரம், மெதுவாக, அடித்தது. ஐயர் வாயைத் திறந்தபடியே ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டிருந்தார். ஆமென் வருகிற பாடாக இல்லை.

புஷ்பம் அதற்குக் காத்திருக்கவில்லை. வீட்டுக்கு வந்தாள். திரும்பும் வழி சின்னதாகத்தான் இருந்தது. கட்டிலுக்கு எதிரே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கண்ணைத் திறந்தாள்.

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். வலிக்கிறவனால் கண்ணை மூடிவைக்க முடியாது. அத்தனை காலமும் ஊரில் மூடாமலே இருந்த கண் அவருடையதுதான்.

"ஆமென் சொல்லியாச்சா?" என்றார்.

"இல்ல. பேரு வந்துக்கிட்டே இருக்கு."

"உன் தலையெல்லாம் நரைச்சுப்போச்சு, தெரியுமா?"

"தெரியாது."

அவர் கொஞ்சம் தயங்கினார். பிறகு வழக்கம்போலக் கேட்டார்.

"நான் எப்படியிருக்கேன்?"

அவள் பார்த்தாள். கன்னம் இரண்டும் உள்ளே போயிருந்தன. தலையில் வாருவதற்கு ஒன்றும் இல்லை. சட்டைக்குள் ஆளைத் தேடவேண்டியிருந்தது. முழுதும் பார்த்தாள்.

"நல்லாவே இல்லங்க," என்றாள்.

"அப்பாடா," என்றார் ஞானாபரணம்.

அவள் முக்காலியை இன்னும் கிட்டே இழுத்தாள்.

"எங்கெங்க வலிக்கி?"

அவர் பாதத்திலிருந்து சொல்லத் தொடங்கினார்.