அசலில் குத்திய மூன்று புள்ளி

எனக்கு வாய் நீளம் என்று என் மனைவி கல்யாணமான மறுவாரமே கண்டுபிடித்துவிட்டாள். நான் கண்டுபிடிக்க இருபத்தாறு வருஷம் ஆனது.

மெழுகு உருளையில் பாட்டுப் பிடித்து வைத்த பழைய போனோகிராப் பெட்டிகளைப் பழுது பார்ப்பது என் தொழில். பெட்டி நூறு வருஷம் தாண்டியும் எப்படியோ தப்பித்துவிடும். பாட்டு வெளியே வரும் ஹார்ன் குழலைத் தூக்கிப் பிடிக்கும் தாங்கி மட்டும் தப்பிக்காது. வளைந்த ஒரு கம்பி, அதன் கீழே பெட்டியின் அடியோடு திருகி வைக்கும் ஓர் இரும்புப் பாதம், அவ்வளவுதான் தாங்கி. வீடு மாறும்போது முதலில் தொலைவது அதுதான். அதனால் நாங்களே புதிதாகச் செய்து மாட்டுகிறோம். செய்வது என் மனைவியின் தம்பி. லேத்தில் அவனுக்கு அப்படி ஒரு கை. நகலைப் பழசு போலக் கறுக்க வைப்பதும், வருகிறவர்களிடம் பேசுவதும் நான். இரண்டாவது வேலையைத்தான் நான் மும்முரமாகச் செய்கிறேன் என்பாள் மனைவி.

பட்டறையில் ஒரு நியாயம் வைத்திருந்தோம். நாங்கள் செய்த தாங்கியென்றால் பாதத்தின் அடியில் மூன்று புள்ளி குத்திவிடுவோம். நாளைக்கு யாரும் அதை அசல் என்று சொல்லி இன்னொருவர் தலையில் கட்டிவிடக் கூடாது. புள்ளி குத்துவது நான் மட்டும்தான். மச்சினனைக் கூடத் தொட விடமாட்டேன். "கவுத்துப் பாருங்க சார். மூணு புள்ளி இருந்தா எங்களது, இல்லன்னா அசல்" என்று வருகிற போகிறவரிடமெல்லாம் பெருமை அடித்துக்கொள்வேன்.

ஒரு பல் டாக்டர் தன் பெட்டியோடு அசல் தாங்கியும் கொண்டுவந்தார். கோணியிருந்த கம்பியை நிமிர்த்திச் சுத்தம் செய்ய வேண்டும். அதை அளவெடுத்து, வேறொருவர் பெட்டிக்காக மச்சினன் ஒரு நகலும் செய்து முடித்தான். நகலில் உப்பும் வினிகரும் தடவி ஒரு டப்பாவில் மூடி வைத்தேன். மறுநாள் காய்ச்சல் வந்து படுத்துவிட்டேன்.

ஐந்தாம் நாள், சும்மா இருக்க முடியாமல் போர்வையோடு பட்டறைக்குள் வந்தேன். மச்சினன் சாப்பிடப் போயிருந்தான். மேசையில் இரண்டு தாங்கி. ஒன்று கறுத்துத் துருவேறிக் கிடந்தது. இன்னொன்று பளபளத்தது. இதை இன்னும் கறுக்க வைக்கவே இல்லையே, நான் படுத்தால் இங்கே எல்லாமே படுத்துவிடுகிறது என்று முணுமுணுத்தபடி, பளபளத்ததைக் கவிழ்த்து, சுத்தியலால் மூன்று தட்டுத் தட்டினேன். மறுபடி போய்ப் படுத்துக்கொண்டேன். அதைப் பற்றி அதற்கப்புறம் ஒரு நினைப்பும் இல்லை.

இரண்டு நாள் கழித்து டாக்டர் வந்தார். கூடவே அவரைப் போலப் பழம்பொருள் பைத்தியம் பிடித்த இரண்டு நண்பர்கள். மச்சினன் தாங்கியை மாட்டிப் பெட்டியைத் தயாராக வைத்திருந்தான். டாக்டர் நண்பர்களுக்குக் காட்டுவதற்காகச் சிரித்துக்கொண்டே பெட்டியைச் சாய்த்து அடியில் பார்த்தார். நான் சொல்லிக்கொடுத்த பழக்கம்தான்.

"என்னங்க, இதுல மூணு புள்ளி இருக்கு? என்னோடது எங்க?"

மச்சினனைப் பார்த்தேன். அவன் தலை குனிந்துகொண்டான். குனிந்த தலை எனக்குப் போதுமாக இருந்தது. நேராகப் போய் அவனுடைய இழுப்பறையை இழுத்தேன். துணியில் சுற்றி, கறுத்த தாங்கி இருந்தது. கவிழ்த்தேன். புள்ளி இல்லை.

"உண்ட வீட்டுக்கே ரெண்டகம் பண்ணிட்டியே மாப்ள. எத்தன நாளா நடக்குது இது?"

"அப்புறம் பேசிக்கலாம் மாமா."

"அப்புறம் என்ன அப்புறம்? அதான் கையும் களவுமா பிடிச்சாச்சே."

அவன் கையைத் துடைத்தான். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். சொந்தக்காரன் என்றும் பார்க்காமல் நியாயம் பேசிவிட்ட மிதப்பில், அந்த மூன்று பேர் முன்னால் நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

மாலைக்குள் சரிசெய்து தருவதாகச் சொல்லி அவர்களை அனுப்பிவிட்டு, புள்ளி வைத்த தாங்கியைக் கழற்றினேன். இழுப்பறையில் கிடைத்த 'அசலை' வைத்துத் திருகினேன். பெட்டியின் பழைய திருகு ஏறவில்லை. எண்ணெய் விட்டேன். அப்போதும் ஏறவில்லை. அந்தக் காலத்துத் திருகின் மரை வேறு, எங்கள் லேத்தில் வெட்டுகிற மரை வேறு. நகலுக்கு நாங்கள்தான் புதுத் திருகு போட்டுத் தருவோம். கழற்றிப் போட்டதை எடுத்து வைத்தேன். அதில் திருகு விரலாலேயே வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.

நான் படுத்திருந்த நாட்களில் அவன் இரண்டு வேலையையும் முடித்திருக்கிறான். அசலை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தேய்த்திருக்கிறான். நான் உப்பு தடவி வைத்துக் காய்ச்சலில் மறந்தே போன டப்பாவிலிருந்து நகலை எடுத்து, நான் வந்து புள்ளி குத்துவதற்காகத் துணியில் சுற்றி வைத்திருக்கிறான். நூறு வருஷத்து அசலைப் போலியாக்கியது நான். அவனைத் திருடனாக்கியதும் நான்.

அன்று மாலையே டாக்டரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். "அட, என்னங்க நீங்க" என்று சிரித்தார். வெளியாளிடம் ஒப்புக்கொள்வது பெரிய காரியமில்லை. மச்சினன் வீடு நாலு தெரு தள்ளித்தான். அங்கே போய்ச் சேர எனக்கு நான்கு நாள் ஆயிற்று. "என் தம்பியத் திருடன்னு சொன்ன வாய்க்குத்தான் தினமும் சோறு போடுறேன்" என்று மனைவி சுவரைப் பார்த்துச் சொன்ன பிறகுதான் கிளம்பினேன்.

அவன் வாசலில் உட்கார்ந்து தையல் மெஷினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். "வாங்க மாமா" என்று எழுந்து நாற்காலியை நகர்த்தினான். அடித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

"புள்ளிய நான்தான் தப்பா குத்திட்டேன் மாப்ள."

"தெரியும் மாமா. மாட்டுறப்பவே பார்த்தேன். உடம்பு தேறட்டும், சொல்லிக்கலாம்னு இருந்தேன். அவரு அங்கயே கவுத்துப் பாப்பாருன்னு நெனக்கல."

"வாயத் திறந்து அங்கயே சொல்லியிருக்கலாமே."

"மூணு பேரு முன்னாடியா? உங்க பேரு என்ன ஆகுறது?" அவன் எண்ணெய்க் குப்பியையே பார்த்துக்கொண்டிருந்தான். "நீங்கதான் குத்துனீங்கன்னு அப்பவே உங்களுக்கும் நெனப்பு வந்துருச்சு, பேரு போகக் கூடாதுன்னுதான் என் மேல போட்டீங்கன்னு எனக்குப் புரிஞ்சுது. அதுல கோவம் ஒண்ணும் இல்ல. பட்டறை நம்ம எல்லாருக்கும்தானே. அப்படித்தானே மாமா?"

அவன் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான்.

"அப்படித்தானே?"

ஆமாம் என்று சொன்னால் போதும். நாளைக் காலையில் வேலைக்கு வந்துவிடுவான். மாமா ஒரு கோழை, அவ்வளவுதான் என்று மனதை ஆற்றிக்கொள்வான். எவ்வளவோ பொய்யைக் கூசாமல் பேசிய வாய் எனக்கு. இந்தப் பையன் இப்படிக் கெஞ்சுவது போலக் கேட்கும்போது அந்த ஒரு பொய் வரவில்லை.

"இல்ல மாப்ள. நீ எடுத்துட்டேன்னுதான் நெனச்சேன்."

அவன் குப்பியை மூடி வைத்தான். "சரி மாமா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். கொஞ்ச நேரத்தில் அவன் மனைவி மட்டும் டீயோடு வந்தாள். வேண்டாம் என்று சொல்லும் தைரியமில்லாமல் கடைசி வாய் வரை குடித்தேன்.