ஏழாம் நாளின் தேதி

லியாவ் அம்மாள் கைபேசியை மேசைமேல் வைத்து பெய்ஜுன் பக்கமாகத் திருப்பினார். "இந்தத் தேதியை யாரு போட்டது?" என்றார். குரலில் கோபம் இல்லை. பெய்ஜுன் தைவானில் தைனான் நகரத்து ஈமச்சடங்கு நிறுவனம் ஒன்றில் கணினி வேலை பார்ப்பவள். இறந்தவரின் வீட்டாருக்குச் சடங்குத் தேதிகளை அனுப்பும் இணையதளம் அவள் கட்டியதுதான். திரையில் 'முதல் ஏழு: அக்டோபர் 16, வியாழன்' என்றிருந்தது.

"நேத்து பூரா கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். பால்கெண்டை வறுத்தேன். எங்க வீட்டுக்காரரு சாப்பிடற மாதிரியே, தலையோட. இன்னிக்குக் காலையில பக்கத்து வீட்டுக்காரி கேக்கறா, 'ஏன்க்கா, புதன்கிழமையே முடிஞ்சிருச்சே, உயிர் போன நாளையும் சேத்துதானே எண்ணுவாங்க'ன்னு." கைப்பையை மடிமேல் எடுத்து வைத்துக்கொண்டார். "புதன்கிழமை நான் தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டேன். கதவைப் பூட்டிட்டு."

ஏழு நாளுக்கு ஒரு சடங்கு; அதில் முதல் ஏழாம் நாள், போனவர் ஒரு தடவை வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போவார். அந்த ஊரில் இது தெரியாதவர் கிடையாது. விவரம் தெரிந்த வீடுகளில் பஞ்சாங்கத்தைப் புரட்டுவார்கள். தனியாளாக நின்ற லியாவ் அம்மாள் கைபேசியை நம்பினார்.

மேலாளர் சியூ பெய்ஜுனின் காதருகே குனிந்தார். "சர்வர் கோளாறுன்னு சொல்லிடு. சர்வர் என்ன எழுந்து வந்து மறுத்துப் பேசவா போவுது?"

"ஒரு நிமிஷம் இருங்கண்ணே, பாத்துடறேன்."

பார்ப்பதற்கு ஒரே வரிதான். இறந்த நேரம் டேட்டாபேஸில் உலகப் பொது நேரமாகப் பதிவாகும். அது தைவான் கடிகாரத்துக்கு எட்டு மணி நேரம் பின்னால் ஓடுவது. ஏழாம் நாள் என்று தனியாக எதுவும் பதிவில் இல்லை. ஒவ்வொரு முறை கேட்கும்போதும் அவள் எழுதிய குவெரி, அதாவது தகவலைக் கேட்டு வாங்கும் கட்டளை வரி, அதைக் கணக்கிட்டுக் கொடுக்கும்: பதிவான நேரத்திலிருந்து தேதியை எடு, ஏழைக் கூட்டு. அவள் எட்டு மணி நேரத்தைச் சேர்க்க மறந்திருந்தாள். போன நாளே ஒன்று என்பதால் ஆறைத்தான் கூட்டியிருக்க வேண்டும், அதையும் மறந்திருந்தாள். விடியற்காலையில் இறந்தவர்களுக்குப் பொது நேரத்தில் முந்தைய நாளாகிவிடும். ஒரு தப்பு இன்னொன்றை விழுங்கி, தேதி சரியாக வந்துவிடும். லியாவ் அம்மாளின் கணவர் போனது பிற்பகல் இரண்டே முக்காலுக்கு. பொது நேரத்திலும் அதே தேதிதான், அதனால் ஒரு நாள் தள்ளிப்போய்விட்டது.

சோதிக்காமல் விட்டவள் இல்லை அவள். சோதிக்க, ஏழாம் நாள் சரியாகத் தெரிந்த ஒரு சாவு வேண்டியிருந்தது. கையில் இருந்தது ஒன்றுதான்: மார்ச் மாதத்தில் காலை ஐந்து பத்துக்குப் போன அப்பா. அவருடைய நேரத்தைக் கொடுத்தாள், சித்தப்பா எண்ணிச் சொன்ன அதே தேதி வந்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. அது தெரியாமல் 'சரி' என்று குறித்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனாள். சாப்பாடும் ருசியாகத்தான் இருந்தது. அப்பாவுக்கு அவள் அழுததில்லை. எல்லாம் பஞ்சு அடைத்த காதில் விழுவதுபோல நடந்து முடிந்துவிட்டது.

"சர்வர் இல்லம்மா, நான்தான். தப்பா எழுதிட்டேன்" என்றாள். சியூ கூரையைப் பார்த்தார்.

லியாவ் அம்மாள் தலையசைத்தார். "அவரு எப்பவும் சாவி வெச்சிருப்பாரு. ஆஸ்பத்திரியில அவரு சட்டையோட அதையும் கையில குடுத்தாங்க. நான்தான் டிராயர்ல போட்டேன்." பிறகு, ஏதோ பேருந்து நேரம் விசாரிப்பவர் மாதிரி, "பூட்டைப் பாத்துட்டுத் திரும்பிப் போயிருப்பாரோ?" என்று கேட்டார்.

"தெரியலம்மா" என்றாள் பெய்ஜுன்.

"ரெண்டாவது ஏழு என்னிக்கு? போன்ல வேண்டாம். கையால எழுதிக் குடு."

பெய்ஜுன் காலண்டரைப் பார்த்துப் பேனாவை எடுத்தாள். லியாவ் அம்மாள் அவள் இடது கையைப் பிடித்து, கட்டைவிரலை மடக்கினார். "இது அவரு போன நாளு. இதை விட்டுடாத." இரண்டு பேருமாக ஏழு எண்ணினார்கள், மறுபடி ஏழு எண்ணினார்கள். அக்டோபர் 22, புதன். சீட்டை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு லியாவ் அம்மாள் கிளம்பினார்.

பெய்ஜுன் வரியைத் திருத்தினாள்: எட்டு மணி நேரம் சேர்த்தாள், ஏழை ஆறாக்கினாள். பதினொரு குடும்பங்களின் தேதி ஒரு நாள் முன்னால் நகர்ந்தது. அதில் ஆறு குடும்பங்களுக்கு அந்த நாள் ஏற்கெனவே கடந்துபோயிருந்தது. அவர்களை அவளே கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். அப்பாவின் தேதி மட்டும் இம்மியும் நகரவில்லை.

முதல் குடும்பத்தின் எண்ணை அழுத்தப் போனவள் கைபேசியைக் கீழே வைத்தாள். அப்பாவின் ஏழாம் நாளை அவள் ஒரு தடவைகூடக் கையால் எண்ணியதில்லை. கட்டைவிரலை மடக்கினாள்: ஐந்து பத்து, ஜன்னலில் வெளிச்சம் வராத நேரம். இரண்டு. மூன்று. ஐந்தாவதோடு ஒரு கை முடிந்தது. மறு கையில் கட்டைவிரலை மடக்கிவிட்டு, ஏழாவதான ஆள்காட்டி விரல் நீட்டியபடியே இருக்க, எதிரில் இருந்த வாசல் கண்ணாடிக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.